முகூர்த்த நாளில் பன்னிரண்டாம் வகுப்பு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கார்த்திகையில் மழை கொட்டியது. திருவொற்றியூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்குள் தண்ணீர் வந்தது.

2. தண்ணீர் தனியாக வரவில்லை. எங்கோ கலந்த எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது, எண்ணெய் தங்கிவிட்டது.

3. கட்டடத்தைப் பார்க்க வந்த பொறியாளர், மாடிக்கும் யாரும் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

4. சின்ன வகுப்புகளைப் பக்கத்துப் பள்ளியில் மதிய ஷிப்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு அங்கே இடமில்லை.

5. ஹெச்.எம். மிஸ் எங்களுக்காக ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசிப் பிடித்தார்.

6. கல்யாண மண்டபத்தில் கல்யாணங்களும் நடந்தன.

ஆறாவதுதான் இந்த வாரத்து விஷயம்.

கூடையோடு வந்தவர்

தை மாதத்தில் ஒரு காலை. மண்டபத்தின் மேல் ஹாலில், மணமேடையில் நின்று, பள்ளித் தலைவியான நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டார் எல்லோரும் கீழே டிபனில் இருந்தார்கள். மேடைச் சுவரில் தெர்மாகோல் எழுத்தில் மணமக்களின் பெயர். அதன் கீழே சாய்த்து வைத்த எங்கள் கரும்பலகை. அதில் முந்தின நாள் போட்ட மின்வேதியியல் கணக்கு பாதி அழிந்து கிடந்தது. ஹால் முழுக்க மல்லிகை வாசனை.

எனக்கு மைக் எப்போதும் தேவைப்பட்டதில்லை. அன்று தொண்டை கட்டியிருந்தது. பக்கத்தில் மைக் சும்மா நின்றது. எடுத்துப் பேசினேன்.

"லாவண்யா."

"பிரசன்ட்."

"மெஹர்."

"பிரசன்ட்."

"மோனிஷா."

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பிறகு, "மோனிஷா, ஆப்சென்ட்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

பட்டியல் முடிவதற்குள் படிக்கட்டில் குரல் கேட்டது.

"யாருடி அது, எம்பொண்ணு பேர மைக்ல கூவுறது?"

மோனிஷாவின் அம்மா தேசம்மா. மண்டபம் இருக்கும் தெருமுனையில் மீன் விற்பவர். இடுப்பில் கூடையோடு ஏறி வந்தார். பின்னாலேயே மண்டபத்து மேனேஜர் காதர் பாய் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தேசம்மா, கூடைய வெளிய வெச்சிட்டு ஏறு. சைவக் கல்யாணம் இது. மாப்ள வூட்டுக்காரன் என் கழுத்தப் புடிப்பான்."

"கூடைல ஒண்ணுமில்ல பாய். தண்ணிதான் கீது."

"அந்தத் தண்ணிதான் பேஜாரே."

நான் பேசியது ஹாலுக்குள் மட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாதஸ்வரம் போடுவதற்காக மைக்செட்காரர் வெளி ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தார். அந்த ஸ்பீக்கர் தெருமுனை விளக்குக் கம்பத்தில், தேசம்மாவின் தலைக்கு நேர் மேலே கட்டியிருந்தது.

தேசம்மா என்ன சொன்னார் என்பதற்கு முன், மண்டபத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும்.

குரல்

நான் பள்ளித் தலைவி ஆனது மதிப்பெண்ணுக்காக இல்லை. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியும் இல்லை. எங்கள் மைதானத்தை ஒட்டி கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சத்தத்தைத் தாண்டி "அட்டென்ஷன்" சொல்லக்கூடிய ஒருத்தி வேண்டியிருந்தது.

என் அப்பா துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டும் வேலை. வீட்டிலும் அவருக்கு மெதுவாகப் பேச வராது. உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தக் குரல் எனக்கும் வந்தது. சட்டையில் சிவப்பு பேட்ஜ் குத்தினார்கள்.

பள்ளி நன்றாக இருந்தவரை தலைவிக்கு வேலை குறைவு. பள்ளி மண்டபத்துக்கு வந்ததும் வேலை கூடியது. ஆசிரியர்கள் இரண்டு இடத்துக்கும் அலைந்தார்கள். அதனால் காலை வருகைப் பதிவு, நாற்காலி போடுவது, பலகை தூக்குவது, பாயிடம் பேசுவது எல்லாம் என்னிடம் வந்தன.

மார்கழி எங்கள் மாதம்

மார்கழியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பாய்க்கு அது வருமானம் இல்லாத மாதம். எங்களுக்கு அதைவிட நல்ல மாதம் வாய்க்கவில்லை.

மண்டபம் முழுக்க எங்களுடையது. மேல் ஹாலில் கணக்கு, சாப்பாட்டு ஹாலில் வேதியியல், மணமகள் அறையில் தமிழ். தமிழ் வகுப்பில் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. சுற்றிலும் கண்ணாடி.

சாந்தி மிஸ் எங்கள் வேதியியல் ஆசிரியை. பழைய ஆய்வகத்திலிருந்து கறுப்பு படிந்த பியூரெட்டுகளையும் பிப்பெட்டுகளையும் மீட்டு, மண்டபத்துச் சமையற்கட்டில் நாள் கணக்காகக் கழுவினார். குடுவைக்குக் கீழே வைக்க வெள்ளை ஓடு வேண்டும். அதற்குப் பதிலாகப் பாய் வெள்ளைப் பீங்கான் தட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் திரவம் இளம் சிவப்பாக மாறும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். அதைச் சாப்பாட்டு மேஜைகளில் பழகினோம்.

அதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி மோனிஷா. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்பவள். நாங்கள் நான்கைந்து சொட்டு தாண்டிவிட்டு அசடு வழிவோம். அவள் சரியாக அந்த ஒரு சொட்டில் குழாயை மூடிவிட்டு, "இன்னாடி, ரோஸ் மில்க் போட்டு வெச்சிருக்கே" என்று என் குடுவையைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவள் குப்பத்தில் இருந்தாள். எண்ணெய் முதலில் நுழைந்தது அவர்கள் வீட்டில்தான். அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. யார் வீடும் சுத்தமாக இல்லாத மாதம் அது.

தை வந்தது

பொங்கல் முடிந்ததும் மண்டபத்தின் காலண்டர் நிரம்பியது. கிட்டத்தட்ட எல்லா நாளும் முகூர்த்தம். மாசியில் செய்முறைத் தேர்வு. ஹெச்.எம். மிஸ் வேறு வழியில்லாமல், முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது, வீட்டிலேயே படியுங்கள் என்றார்.

எங்கள் வகுப்பில் வீட்டில் படிக்க வசதியுள்ளவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வேலை தானாக வந்து சேரும். மோனிஷா இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். கை சுறுசுறுப்பாக இருந்ததால் தினமும் வரச் சொன்னார்கள். தேர்வு முடிந்ததும் நிரந்தரமாக வந்துவிடு என்றார்கள். தேர்வு வரைகூட எதற்கு என்றும் சொன்னார்களாம்.

எனக்கு அந்த மாதம் ஒரே ஒரு கவலைதான். மோனிஷா திரும்பி வர வேண்டும். செய்முறைத் தேர்வை விட்டால் வேதியியல் போய்விடும், வேதியியல் போனால் பிளஸ் டூ போய்விடும். ஷெட்டிலிருந்து அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்தவர்கள் யாரையும் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

மண்டபத்தில் ஒரு கல்யாணம் எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் கீழே டிபன் சாப்பிடும்போது மேல் ஹால் காலி. தாலி கட்ட மேலே போகும்போது கீழ் ஹால் காலி. பந்திக்கு இறங்கியதும் மேல் ஹால் மறுபடி காலி. இப்போது ஒரு தொழிற்சாலையில் என் வேலையே ஒரு தொட்டி நிரம்பும்போது இன்னொன்று எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான். அதன் முதல் பாடம் அந்தப் படிக்கட்டில் கிடைத்தது.

பாயிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னா லீடரு, பந்திக்கு நடுவுல பாடமா?"

"அவங்க மேல இருந்தா நாங்க கீழ. அவங்க கீழ வந்தா நாங்க மேல. இடிக்காது பாய்."

"கல்யாண வூட்டுக்காரன் ஒத்துக்கணுமே."

"நீங்க கேட்டா ஒத்துப்பாங்க."

பாய் தாடியைத் தடவினார். மண்டபத்தை வாடகைக்கு எடுக்க வந்தவர்களிடம் பிறகு அவர் பேசியதை நானே கேட்டேன். "லட்சுமி வர்ற எடத்துல சரஸ்வதியும் கொஞ்சம் குந்திகினு போட்டுமே சார். புள்ளைங்க படிக்கிற எடத்துல தாலி கட்னா எவ்ளோ விசேஷம்." ஹெச்.எம். மிஸ்ஸும் சரி என்றார். கல்யாண வீட்டார் யாரும் மறுக்கவில்லை. சிலர் கடைசிப் பந்தியில் எங்களையும் உட்காரச் சொன்னார்கள். அந்த மாதத்தில் எந்தச் சமையல்காரரின் வத்தக்குழம்பு நல்லது, யார் பாயசத்தில் முந்திரியை ஒளித்து வைப்பார் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

சாப்பாட்டு மேஜையில் குடுவைகள் இளம் சிவப்பாக நின்றபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "வெல்கம் டிரிங்க் தீந்துடுச்சின்னு சொன்னாங்களே?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். சாந்தி மிஸ் ஓடி வந்து தடுத்தார்.

வகுப்பு மறுபடி நடக்கிறது என்று சொல்ல ஷெட்டுக்கே போனேன். ஐஸ் உருகிய தரையில் நின்றுகொண்டு மோனிஷா சொன்னாள்: "எங்கம்மா வுடாதுடி." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதை நம்பினேன். தேசம்மாவிடம் போய்ப் பேச வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தெருமுனை வரை போவேன். அவர் யாரோ ஒருவரிடம் வஞ்சிரத்துக்கு விலை பேசுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

தேசம்மா சொன்னது

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

"நான்தான் ஆண்ட்டி கூப்பிட்டேன்," என்றேன்.

"மார்க்கெட்டே சிரிக்குது. 'இன்னா தேசம்மா, உம்பொண்ணு ஆப்சென்டாமே'ன்னு சங்கரா மீனு வாங்க வந்தவகூட கேக்குறா. நான் இன்னா பதில் சொல்றது?"

"ஸ்பீக்கர் வெளிய போவுதுன்னு தெரியாது ஆண்ட்டி."

"அத வுடு. கிளாஸே இல்லன்னா எதுக்குப் பேரு கூப்புட்றே?"

"கிளாஸ் இருக்கு ஆண்ட்டி. தினமும் இருக்கு."

அவர் கூடையை இறக்கி வைத்தார். பாய் அவசரமாக அதன் கீழே ஒரு செய்தித்தாளை நுழைத்தார்.

"தை முழுக்க கல்யாணம், பரீட்சைக்கு வந்தா போதும்னு டீச்சரே சொல்லிட்டாங்கன்னாளே. நானும் வூட்ல சும்மா குந்திகினு இருக்கறதுக்கு ஷெட்டுக்குப் போவட்டும்னு வுட்டேன்."

"முதல்ல அப்படித்தான் இருந்தது. அப்புறம் மாத்திட்டோம். நானே போய் அவகிட்ட சொன்னேன். நீங்க விடலேன்னு சொன்னா."

"நானா?"

தேசம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினார்.

"நல்லாக்கீதே கதை," என்றார் பிறகு. "மார்க்கெட்ல அவமானம், உங்கிட்ட நான் வில்லி." கூடையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். பாய் கூடையை என்ன செய்வது என்று தெரியாமல் அதன் மேல் ஒரு மாலையைப் போட்டு மூடினார்.

ஏன் வரவில்லை

முகூர்த்தம் தொடங்கியது. நாங்கள் கீழே சாப்பாட்டு ஹாலுக்கு மாறினோம். கெட்டிமேளம் மேலே கேட்டுக்கொண்டிருந்தபோது, தேசம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மோனிஷாவின் விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்திருந்தன.

"கேளுங்க டீச்சர். எங்கிட்ட ஒண்ணு சொல்லிக்கீறா, லீடர்கிட்ட ஒண்ணு சொல்லிக்கீறா. ஏண்டி?"

மோனிஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாந்தி மிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"எந்த டிரஸ்ஸப் போட்டுகினு வர்றது மிஸ்?" என்றாள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"யூனிபார்ம்ல ஆயிலு போவல. எவ்ளோ தேச்சாலும் முட்டி வரைக்கும் கறுப்பா நிக்குது. மார்கழில எல்லாரும் கலீஜாதான் இருந்தோம், ஒண்ணும் தெரியல. இப்போ எல்லாம் பட்டுப்பொடவையா வந்து நிக்கிறாங்க. பொங்கலுக்கு அப்பால மொத நாளு, கிளாஸ் இல்லன்னு தெரியாம வந்தமே, அப்போ ஒரு அம்மா என்னப் பாத்துட்டு பொடவைய இப்டி இஸ்துகினு ஒதுங்கிப் போச்சு." கையால் செய்து காட்டினாள்.

"இதச் சொல்ல வாய் இல்லியா உனுக்கு?" என்றார் தேசம்மா. ஆனால் குரல் இறங்கியிருந்தது. "வேற தெச்சிக் குடுத்திருப்பேனே."

"ரெண்டு மாசத்துக்காகவா? அப்பால யாரு போட்றது அத?"

நான் குனிந்து என் யூனிபார்ம் பேன்ட்டைப் பார்த்தேன். அதிலும் கறை இருந்தது, கணுக்கால் அளவுக்கு. எங்கள் வீடு கொஞ்சம் மேடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹெச்.எம். மிஸ் அப்போது பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"மிஸ், முகூர்த்த நாள்ல எல்லாரும் கலர் டிரஸ் போட்டுட்டு வரலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற மோனிஷாவையும், அவள் கையை இன்னும் விடாத தேசம்மாவையும் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு யூனிபார்ம்ல வந்தாத்தான் தப்பு," என்றார்.

தேசம்மா கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"நாளிக்கும் மைக்ல பேரு கூப்டுவியா?"

"இல்ல ஆண்ட்டி. அது தெரியாம நடந்தது. இனிமே கூப்பிட மாட்டேன்."

"கூப்டு," என்றார். "இவ வந்துட்டான்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

கல்யாண மைக்கில்

பாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கல்யாண வூட்டு மைக்ல 'இல்ல', 'வரல'ன்ற பேச்சு வரக் கூடாதுமா. வந்தவங்க பேர மட்டும் சொல்லு." அதனால் ஹாலுக்குள் ஒரு தடவை சாதாரணமாகப் பதிவு எடுத்துவிட்டு, வந்தவர்களை மட்டும் வரிசையாக மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நான் பெயர் சொல்வேன், அவர்கள் "பிரசன்ட்" சொல்வார்கள். முடிந்ததும் நாதஸ்வரம்.

தெருவில் அது சீக்கிரம் பழக்கமானது. மெஹரின் அத்தா எதிரே மளிகைக் கடை வைத்திருந்தார். மோனிஷாவின் குரல் வரும் வரை தேசம்மா யாருக்கும் விலை சொல்வதில்லை என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். "வந்தவங்கள நிக்க வெச்சிடுது அந்தம்மா. 'இரு, பேரு வரட்டும்'னு."

ஒருநாள் மின்சாரம் போய் மைக் வேலை செய்யவில்லை. தேசம்மா பாதிப் படி ஏறி வந்து, உள்ளே மகள் தலை தெரிந்ததும் இறங்கிப் போனார். அன்று கூடை கொண்டுவரவில்லை என்பதைப் பாய் கவனித்துச் சொன்னார்.

கலர் டிரஸ்ஸால் வேறு ஒரு சிக்கல் வந்தது. பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் பெண்ணின் தோழிகள். இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து உபசரித்தார்கள். லாவண்யா ஒருநாள் வாழை இலை முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொல்லப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, நாங்க டுவெல்த்."

"அதுக்கென்னம்மா, நல்லா சாப்புடு. மாப்ளைக்கு நீ இன்னா மொற?"

மோனிஷா மஞ்சள் சுடிதாரில் வந்தாள். மேஜையில் பியூரெட்டைப் பிடித்தபோது ஒரு சொட்டுகூடத் தாண்டவில்லை. பட்டுப்புடவைக்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். புடவையை ஒதுக்கவில்லை. "இன்னாக்கா, நீங்களும் ட்ரை பண்றீங்களா?" என்று மோனிஷா கேட்டாள். அவரும் ஒரு குடுவையைக் குலுக்கிவிட்டுத்தான் போனார்.

பேருந்து நிறுத்தத்தில்

செய்முறைத் தேர்வு ராயபுரத்தில் வேறொரு பள்ளியில். நேராகப் பேருந்து நிறுத்தத்தில் கூடினோம். தேசம்மாவும் மகளோடு வந்திருந்தார். வியாபார நேரம் அது. கடையைப் பக்கத்தில் யாரிடமோ ஒப்படைத்திருந்தார்.

"இங்க மைக் இல்லியே," என்றார் என்னிடம்.

அன்று எனக்குத் தொண்டை சரியாக இருந்தது. லாரிகளைத் தாண்டிக் கேட்கிற மாதிரி எல்லாப் பெயரையும் கூப்பிட்டேன். பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோனிஷா அதைவிடச் சத்தமாகப் பதில் சொன்னாள். தேசம்மா தலையாட்டிவிட்டு, பேருந்து வருவதற்குள் தெருமுனைக்கு நடந்தார்.

இப்போது

பள்ளி பழைய கட்டடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆய்வகச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த கறுப்புக் கோட்டின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெயில் நாளில் கொஞ்சம் தெரியும்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு மணலியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மோனிஷா பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். ஷெட்டுக்கு விடுமுறை நாளில்கூடப் போவதில்லை. தேசம்மா போகவிடுவதில்லை, இந்த முறை நிஜமாகவே. பாய் மண்டபத்துக்கு ஏசி போட்டுவிட்டார். முகூர்த்த நாளில் தெருமுனை ஸ்பீக்கரில் இப்போது நாதஸ்வரம் மட்டும்தான்.

எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்முறைத் தேர்வு எழுதினோம். அன்று ஆப்சென்ட் யாருமில்லை.